பூஜ்யம் கிலோ

கட்டபெட்டுத் தொழிற்சாலையின் எடை அறையில்
ஜன்னலைச் சாத்தினாலும் மஞ்சு உள்ளே வரும்.
கணினிப் பெட்டியைத் திறந்தால்
விசிறியில் தேயிலைத் தூசு, ஒரு செத்த பூரான்.

இரண்டு வருடமாக எழுதிய இயங்குதளத்தை
அதில் ஏற்றினேன். நாற்பது நொடியில் விழித்தது.
திரை வந்தது, சுட்டி நகர்ந்தது,
கடிகாரம்கூடச் சரியாக ஓடியது.
யோகேஸ்வரி கேட்டாள்:
"இலை எடை எங்க?"

'இலை எடை'யை எழுதியவர்
ஒரு கோயம்புத்தூர்க்காரர்.
மூல நிரலைக் கொடுக்கவில்லை.
உதவிக்கு அவர் விட்டுப்போன தொலைபேசி எண்ணுக்கு
ஆறே இலக்கம்.

திறந்ததும் அது என்னிடம் கேட்டது: நீ யார்?
உண்மையைச் சொன்னேன். மூடிக்கொண்டது.
மறுநாள் என் தளத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்:
பழையவன்தான், அதே பதிப்பு, அதே எண்.
நம்பிவிட்டது.

முதல் மூட்டை போஜனுடையது.
தராசு முள் நாற்பத்திரண்டில் நின்றது.
திரை சொன்னது: பூஜ்யம்.
அடுத்தது மாதி. பூஜ்யம்.
பின்னால் இன்னும் ஒன்பது பேர், தலையில் பிளாஸ்டிக் தாள்,
மழை.
"என் இலைக்கு எடையே இல்லையாப்பா?"
போஜன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மூன்று இரவு.
நடுவே இரண்டு மின்வெட்டு,
வாசலில் ஒரு காட்டெருமை, அது போகும்வரை
கழிப்பறைக்குப் போக முடியாமல் நான்.
பிடித்தேன் கடைசியில்.
நிரல், எடையை எழுதிவைத்த இடத்தை
'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறது.
பிறகு வந்து அங்கேயே படிக்கிறது,
காலி செய்த வீட்டுக்குள் நுழைந்து
மறந்துவைத்த குடையை எடுப்பதுபோல.

பழைய தளம் சோம்பேறி. வீட்டைப் பெருக்காது.
குடை இருக்கும்.
என்னுடையதோ சாவி கைக்கு வந்ததும்
கழுவி, துடைத்து, மூலைமுடுக்கெல்லாம்
பூஜ்யத்தால் மெழுகிவிடும்.
அதில்தான் எனக்கு அத்தனை கர்வம்.

மேட்டுப்பாளையத்தோடு அகல ரயில்பாதை முடிந்துவிடும்.
எல்லோரும் இறங்கி, மூட்டை தூக்கி,
மலை ரயிலுக்கு மாறுவார்கள்.
இந்தப் பதினொரு பேரை
எந்த நடைமேடையில் இறங்கச் சொல்வேன்?

கெர்னலுக்குள் நான்கு வரி எழுதினேன்.
கேட்பது 'இலை எடை' என்றால்
துடைக்காதே.
கொஞ்ச நேரம் அழுக்காகவே இரு.
எழுதும்போது விரல் கூசியது.
மேலே குறிப்பு போட்டேன்: மன்னிக்கவும், காரணம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை.
போஜன் முப்பத்தெட்டு, தண்ணிக் கழிவு இரண்டு.
மாதி இருபத்தொன்பதரை.
அச்சு இயந்திரம் இன்னும் பேச மறுக்கிறது.
ரசீதைக் கையால் எழுதியபடி
யோகேஸ்வரி திரையைப் பார்த்தாள்.
"பழைய மாதிரியேதான இருக்கு.
இதுக்கா ரெண்டு வருஷம்?"

ஆமாம் என்றேன்.
அதைவிட நல்ல பேச்சை
இந்தத் தளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊட்டியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் அழைத்திருக்கிறார்.
அவருடைய பில் போடும் நிரல்
பிப்ரவரிக்கு முப்பது நாள் என்று நம்புகிறதாம்.