தலை எண்ணுதல்

மெஸ்தியாவில் மின்சாரம் போய்ப் போய் வந்த
ஒரு பிப்ரவரி இரவு.
வெளியே கல் கோபுரங்கள் பனிக்குள் இடுப்பளவு.
உள்ளே நானும்
பனிச்சரிவு அலுவலகம் மலிவாக வாங்கிப்போட்ட
இரும்புப் பெட்டியும்.

பெட்டியின் விலாவில் ஒட்டிய சீட்டு சொன்னது:
பதினாறு கோர்.
லினக்ஸ் சொன்னது:
ஒன்று.

மறுபடி கேட்டேன்.
ஒன்று என்பதில்
ஒற்றைக் காலில் நின்றது.

குடிக்கணக்கு எடுக்க வந்தவர்
கதவைத் திறந்தவளை மட்டும் எழுதிக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதுபோல.
உள்ளே பதினைந்து பேர்
போர்வைக்குள் மூச்சுவிடுகிறார்கள் என்று நினைத்தேன்.
செத்தும் இருக்கலாம்.
பழைய சரக்கு.

தொடக்க வரியில் யாரும் கடிவாளம் போட்டிருக்கிறார்களா என்று
எழுத்தெழுத்தாகத் துழாவினேன். இல்லை.
கெர்னலைப் புதிதாக இறக்கினேன்.
ஐம்பது நிமிடம்.
இரண்டு முறை இணைப்பு அறுந்தது.
ஒரு முழுக் குப்தாரி தீர்ந்தது,
விசைப்பலகையில் இறைச்சி எண்ணெய்.
ஒன்று.

சுவான் மொழியில் திட்டினேன்.
அந்த மொழியில் கணினிக்குச் சொல் கிடையாது,
வசவுக்குப் பஞ்சமில்லை.

பிறகுதான் உறைத்தது.
பாவம், அது எண்ணவேயில்லை.
கீழே இருப்பவன் நீட்டிய பட்டியலை
உரக்க வாசிக்கிறது, அவ்வளவுதான்.
பட்டியலில் இல்லாதவன்
ஊரிலும் இல்லாதவன்.

கீழே போக வேண்டும். பயாஸ்.
கடவுச்சொல் கேட்டது.

இரவு பதினொன்றரைக்கு முர்ஸாகனை எழுப்பினேன்,
பெட்டியை விற்றவன்,
மாட்டுத் தொழுவத்தில் இரண்டு வருடம்
கிரிப்டோ தோண்டியவன்.
"ஓ, அதுவா. நான்தான் அணைத்தேன்.
வேலையெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு.
உழாத மாட்டுக்கு எதற்குப் புல்?
ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்,
வாசல் பார்க்க."
"கடவுச்சொல்?"
"நாயின் பெயர்."
"எந்த நாய்?"

கம்பியில் காற்று ஓடியது கொஞ்ச நேரம்.
"குர்ஷா. போன மார்ச்சில் போனதே, அது."

தெரியும்.
அன்று சரிவு காலை ஏழு மணிக்கு.
எங்கள் அறிக்கை ஒன்பதுக்கு.
அவன் அதைச் சொல்லவில்லை.
நானும்.

ஆறு எழுத்து தட்டினேன்.
மூன்றாம் பக்கம், அடியில்,
மின்விசிறி வேகத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவில்
யாரும் பார்க்காத ஒரு வரி:
இயங்கும் கோர்கள், ஒன்று.
அம்புக்குறியை அழுத்தி 'அனைத்தும்' ஆக்கினேன்.
சேமித்தேன். திரை கறுத்தது.
தேவைக்கு மேல் நீண்ட கறுப்பு.

பதினாறு.

நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன், சொல்ல வெட்கம்தான்.
பனிக் கணக்கை ஓட்டினேன்.
ஒன்று வியர்க்க வியர்க்க ஓடியது,
பதினைந்து கைகட்டி வேடிக்கை பார்த்தன.

எங்கள் நிரல் கிழம்,
ஒற்றையடிப் பாதை மட்டும் தெரிந்தது.
எழுப்பிவிட்டால் போதுமா,
எழுந்தவர்களுக்கு வேலை வேண்டாமா?
மலையைத்தான் வெட்ட வேண்டியிருந்தது.
பதினாறு சரிவு, பதினாறு கோப்பு,
தலைக்கு ஒன்று.
வடக்குப் பக்கத்தை முதலில் கொடுத்தேன்.

விசிறிகள் இரைந்தன,
விளக்கு ஒரு கணம் மங்கி
சரி போ என்று விட்டுக்கொடுத்தது.
ஜன்னல் கண்ணாடியின் கீழ் மூலையில்
உறைபனி ஒரு கையளவு உருகியது.

ஐந்து பத்துக்கு அறிக்கை.
பனி அள்ளும் வண்டி ஓட்டும் தாரியேல் கேட்டான்:
"இந்நேரத்துக்கா? எத்தனை பேர் இருக்கிறீர்கள் அங்கே?"
நான் கொட்டாவி விட்டேன்.

பழைய கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பது விதி.
இன்னும் மாற்றவில்லை.

ஆபத்து நடுத்தரம் என்று எழுதியிருந்தோம்.
அன்று எதுவும் சரியவில்லை.