முப்பத்தொன்றாம் குழி

ஜூலை. கில்புவே மேட்டில்
மழை விட்ட மறுநாள் காலை.
கையில் பட்டியல் எனக்கு, காதில் பென்சில்:
கிய்யாய் பதினான்கு, பெயூமோ ஒன்பது,
போல்தோ எட்டு, மைத்தேன் ஐந்து.
பன்னிரண்டு குடும்பம்,
குடும்பத்துக்கு மூன்று குழி என்று பேச்சு.

மண் பேச்சைக் கேட்கவில்லை.
மண்வெட்டி விழுந்த இடமெல்லாம் யூகலிப்டஸ் வேர்.
தீ வந்த கோடையில்
மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது:
மரம், ஊஞ்சல், எங்கள் வீட்டுக் கூரையில் பாதி.
கீழே அது மட்டும்
வாடகை தராமல் இன்னும் குடியிருக்கிறது.

எலியேசர் கடப்பாரை போட்டான்.
"குழி தோண்டுகிறாயா,
மண்ணுக்கு ஊசி போடுகிறாயா?"
நயாரெத் பிடுங்கிக்கொண்டாள்.
அவர்களின் இரட்டைப் பிள்ளைகள்
மண்புழு எண்ணினார்கள். பதினேழு.
ஒன்று கடப்பாரையில் அறுந்ததும்
பதினெட்டு.

தெருக்கோடி டயர் கடை வில்னெர்
தாமதமாக வந்தார், மகள் தியூலாவோடு.
ஹெய்த்தியிலிருந்து வந்து ஆறு வருடம்.
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:
"இந்த மண்ணின் மரம் என்கிறீர்களே,
எத்தனை வருடம் நின்றால் அப்படிச் சொல்வீர்கள்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.
முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துமூன்று வரை
உங்களுக்கு, என்றேன்.

தியூலா பெயூமோ இலையைக் கிள்ளி
முகர்ந்து பார்க்கக் குனிந்தாள்.
"தொடாதே!"
ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்திருந்த இஸ்மேனியா
மூன்று குழி தாண்டிக் குதித்து வந்தாள்.
விளிம்பு நெளிந்த இலை, மஞ்சள் நரம்பு.
பெயர்ச்சீட்டு பொய் சொல்கிறது.
இது பெயூமோ இல்லை, லீத்ரே.
மெல்லிய தோல் உள்ளவன்
நிழலில் உட்கார்ந்தாலே போதும்,
ராத்திரிக்குள் தடிப்புத் தடிப்பாக வீங்கும்.

வேலை நின்றது.
பிள்ளைகள் விளையாடும் இடம், தூக்கி எறி என்றான் எலியேசர்.
யூகலிப்டஸ் வருமுன் இந்தச் சரிவு முழுக்க
இதுதானே நின்றது என்றாள் நயாரெத்.
நாற்றங்காலுக்குத் திருப்பி அனுப்பலாம் என்றார் ஒருவர்.
நல்லதை மட்டும் நடுவதற்கு
இது என்ன கல்யாணத் தோட்டமா என்றார் இன்னொருவர்.
என் அம்மா செய்வாள், என்றாள் இஸ்மேனியா,
வழியில் லீத்ரேவைக் கண்டால்
நின்று, பெயர் சொல்லி, வணக்கம் வைப்பாள்.
மதித்தவரை அது சுடாதாம்.
நர்ஸ் சொல்கிற பேச்சா இது என்று யாரோ கேட்க,
நர்ஸ் தோளைக் குலுக்கினாள்.

கை தூக்கச் சொன்னேன்.
எல்லாக் கையிலும் சேறு.
எறியச் சொன்னது எது, நடச் சொன்னது எது,
எண்ணி முடிப்பதற்குள்
மறுபடி மழை பிடித்துக்கொண்டது.
கூட்டம் சோபாய்பிய்யா பொரிகிற கூரையடிக்கு ஓடியது.
பூசணி மாவு எண்ணெயில் விழும் சத்தத்தில்
வாக்கெடுப்பு கரைந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது
ஊஞ்சல் நட்ட இடத்திலிருந்து தள்ளி,
வேலியோரப் பாறை பக்கத்தில்
டயர் கடைக் கையுறையோடு
வில்னெர் முழங்காலிட்டிருந்தார்.
யாரிடமும் கேட்கவில்லை.
அங்கே வேர் எதுவும் குறுக்கே வரவில்லை போலும்,
குழி சுளுவாக விழுந்திருந்தது.
தியூலா எட்டி நின்று
தன் வீட்டு மொழியில் அந்த முழ உயரத்துக்கு
ஐயா போட்டு வணக்கம் சொன்னாள்.

பட்டியலில் பெயூமோவை அடித்துவிட்டு
லீத்ரே என்று எழுதினேன், மழை எழுத்தைக் கொஞ்சம் தின்றது.
கூடை கூடையாய் நாற்று இறக்கியபோது
அதையும் நான்தான் தூக்கி வந்தேன்,
பெயர் தெரியாமல், வணக்கம் இல்லாமல்.

ராத்திரி முழங்கை வரை சிவந்து வீங்கியது.
களிம்பு பூசி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை
முயல் கடிக்காமல் உறை மாட்டப் போனேன்.
எலியேசர் வந்துவிட்டானா என்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு,
தொப்பியைக் கழற்றினேன்.