கை பிரேக்

அக்டோபர் கடைசி ஞாயிறு.
ஏரியில் முதல் தகடு பிடித்திருந்தது,
கல் எறிந்தால் உடையும் தடிமன்.
சிக்ஸ்டன் பதினோரு மணிக்கு வந்தான், சொன்னபடி.
சொன்னபடி வருவது
விவாகரத்துக்கு அப்புறம் அவனுக்குத் தொற்றிய பழக்கம்.

வீடு எனக்கு, படகு அவனுக்கு,
நாய் தன் முடிவைத் தானே எடுத்தது.
அறுபத்தேழாம் வருட வால்வோவை மட்டும்
வக்கீலாலும் பிளக்க முடியவில்லை.
ஆளுக்குப் பாதி.
இந்தக் கோடை முழுக்க ஓடியது
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
அதில் இருநூறு அவன் ஓட்டியது.
நான் கணக்குப் பார்ப்பதில்லை, மீட்டர் பார்க்கிறது.

பெட்ரோலை விளிம்புவரை நிரப்பினோம்.
டாங்கியில் இடம் விட்டால் காற்று வியர்க்கும்,
வியர்த்த இடத்தில் துரு.
டயருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று,
புகைக்குழாய்க்குள் எலி நுழையாதிருக்க இரும்பு நார்.
சீட்டுக்கடியில் அவன் சோப்புத் துண்டுகளைச் செருகினான்,
பைன் வாசனை,
எங்கள் குளியலறையில் இருந்த அதே சோப்பு.
எலிகளுக்கு ஆகாதாம்.
எனக்கும் ஆகாது.
பதினாறு வருடம் சொல்லாமலே குளித்திருக்கிறேன்.

ராக்ன்ஹில்டின் வைக்கோல் கொட்டகைக்குள்
எஞ்சின் உறுமக் கூடாது, அது அவள் சட்டம்.
அவன் தள்ளினான், நான் ஸ்டியரிங் பிடித்தேன்.
"கை பிரேக் போடாதே" என்றான்,
ஒவ்வொரு வருடமும் போல.
ஆறு மாதம் இறுக்கிப் பிடித்தே இருந்தால்
கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்,
சுத்தியலால் அடித்துத்தான் பிரிக்கணும்.
"தெரியும்" என்றேன்,
ஒவ்வொரு வருடமும் போல.

பேட்டரி இந்த வருடம் என் முறை.
ஏழு கடல் ஏழு மலை தாண்டி
கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்தவன் மாதிரி
வண்டி அங்கே துணி போர்த்திக் கிடக்க
உயிர் இங்கே என் சமையலறையில்,
உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பக்கத்தில்
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
சுவர் ஆணிகள் துப்பாக்கிபோல் வெடிக்கும் இரவு.
மூன்று மணிக்கு விழிப்பு வந்தது:
இழுத்தேனா?
இறங்கும்போது, பழக்கதோஷம்,
சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே
இடது கை தானாகப் போயிருக்குமே.
கையைப் பார்த்தேன்.
அதற்குத் தெரியும், எனக்குச் சொல்லாது.

விடிந்தது என்று சொல்ல முடியாத
பத்து மணிக்குக் கிளம்பினேன்.
கொட்டகை வாசலில் காலடித் தடங்கள்,
போனதும் வந்ததும்,
மேலே புதுப்பனி தூவி
இரண்டு மூன்று நாள் பழசு.
ராக்ன்ஹில்டுக்குக் கால் சின்னது.

துணியைத் தூக்கி, கதவைத் திறந்தேன்.
பைன் வாசனை.
கை பிரேக் கீழே இருந்தது.

நான் இழுக்கவே இல்லையோ,
வந்தவன் இறக்கிவிட்டுப் போனானோ.
இரும்புக்கு முகமில்லை.
கொஞ்ச நேரம் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.
என் மூச்சு கண்ணாடியின் உள்பக்கம்
பூவாக உறைந்தது, அதைச் சுரண்டவில்லை.
திரும்பும்போது அந்தத் தடங்களுக்குள்ளேயே
கால் வைத்து நடந்தேன்.
முழங்கால் ஆழப் பனியில் அதுதான் சுலபம்,
வேறு காரணம் இல்லை.

மே மாதம் பேட்டரியைக் குழந்தைபோல் சுமந்து போனேன்.
வண்டியை வெளியே தள்ளிச் சாவி திருப்பினோம்.
இரண்டாம் தடவை பிடித்தது.
இரும்பு நாரை எடுக்க இருவருமே மறந்திருந்தோம்.
தோட்டா மாதிரிப் பறந்து
ராக்ன்ஹில்டின் கோழிகளை ஊரெல்லாம் சிதறடித்தது.
சிரித்து முடித்தபின்
"குளிர்காலம் எப்படி?" என்றான்.
"நீளம்."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.
நானும்.
சக்கரம் ஒட்டாமல் உருண்டது.