தட்டாத கதவு

டாலின் நகரத்தில் ஜனவரி;
நாலு மணிக்கே இருட்டு.
வானொலி நாடகப் பிரிவு, நான்காம் மாடி.
உர்வே ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறாள்.
காட்சி பதினேழு. பிரதியில் இவ்வளவுதான்:
கதவைத் தட்டக் கை ஓங்குகிறான்.
தட்டவில்லை.

பக்கத்தில் ரைவோவின் பென்சில் எழுத்து:
'இது கேட்க வேண்டும்.'

இயக்குநர்கள் இப்படித்தான்.
போன மாதம் அவருக்கு
உருகப்போகிற பனியின் சத்தம் வேண்டியிருந்தது.

ஒலிகளை மட்டுமே தேடித் தரும் பொறி ஒன்று
அவளிடம் உண்டு. முகம் கேட்டால் தராது,
விலை கேட்டால் தராது.
'கதவு' என்று கொடுத்தாள்.
அறுபத்தோராயிரம் கதவுகள்.
'தட்டல்' சேர்த்தாள். நாலாயிரத்துச் சொச்சம்.

டொக். டொக் டொக்.
போர்ட்டோவில் மோதிரம் போட்ட விரல்.
வின்னிபெக்கில் கையுறை.
கடன் வசூலிக்க வந்தவன்போல் ஒருவன்,
கடன் கேட்க வந்தவன்போல் ஒருவன்.
கோபம் ஒன்று, கோபம் இரண்டு, கோபம் மூன்று என
எண் போட்டு அடுக்கியிருக்கிறார் யாரோ;
மூன்றாவதில் கோபம் இல்லை,
கைவலி மட்டும் கேட்கிறது.

வடிகட்டிகளைத் திருகினாள்:
இரண்டு நொடிக்குள். எதிரொலி கூடாது.
பெயர் சொன்னால் போதும் என்கிற உரிமம்.
கடைசியில்
'தட்டல்' என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி.

கீல்கள் வந்தன. சாவிகள் வந்தன.
பூனையொன்று ஒரே ஒரு தரம் பிறாண்டியது.
ஓங்கிய கை வரவில்லை.
சொல்லால் தேடினால்
சொல்லில் இருப்பதுதானே வரும்.

இன்னொரு கருவி இருக்கிறது:
சொல் வேண்டாம், ஒலியையே கொடு,
அதன் சாயலில் உள்ளதைத் தருகிறேன் என்பது.
எழுந்துபோய்
ஸ்டூடியோக் கதவின் முன் நின்று
மைக்கின் அருகே கை ஓங்கினாள்.
கம்பளிச் சட்டை 'சர்' என்றது.
நிறுத்தினாள். அதையே அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் சுழன்றது கருவி.
பிறகு தந்தது:
விளக்குக் கூண்டுக்குள் ஓர் அந்துப்பூச்சி.
தூக்கத்தில் புரண்டு படுக்கும் ஒருவர்.
தார்ப்பாயின் ஓரத்தில் காற்று.
உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும் குதிரை.
தட்டாமல் விடுவதற்கு
இத்தனை உறவினர்கள் என்று
அவளுக்கு அதுவரை தெரியாது.

ஏழாவது, ட்ரோன்ஹெய்மிலிருந்து.
ஹல்வார் ஸ்டோக்கே. ஒன்றே முக்கால் நொடி.
தலைப்பு: கதவு தட்டல், வீண்.
குறிப்பு: இதில் தட்டல் இல்லை. அழிக்க வேண்டும்.
பதினோரு வருஷமாக அழிக்கவில்லை.
தரவிறக்கியவர்கள்: பூஜ்யம்.

துணி. உள்ளே போகும் மூச்சு.
அது வெளியே வரவில்லை.

இன்னொரு தரம், பன்னிரண்டு டெசிபல் ஏற்றி.
அலைக்கோட்டில் கொசு கடித்த தடிப்பாய் ஒன்று:
கதவுக்கு அந்தப் பக்கம்
யாரோ கோப்பையில் கரண்டியால் கலக்குகிறார்கள்.
இரண்டு சுற்று.

அவன் பதிவேற்றிய மற்றவற்றைத் திறந்து பார்த்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
படகு எஞ்சின், மீன் சந்தை, பனிச்சறுக்குப் பலகை,
பல் மருத்துவரின் நாற்காலி மேலே ஏறுவது.
கதவு வேறு இல்லை.

ரைவோ கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.
மறுபடி கேட்டார்.
'கரண்டியை மட்டும் எடுத்துவிடு. சுலபம்தானே.'
சுலபம்தான்.
'வரமாட்டேன் என்கிறது' என்று
பொய் சொன்னாள் உர்வே.

ஞாயிறு இரவு ஒலிபரப்பு.
உரிமத்தின் நிபந்தனைப்படி
முடிவில் அறிவிப்பாளர் படித்தார்:
கதவு, ஹல்வார் ஸ்டோக்கே, ட்ரோன்ஹெய்ம்.
அதைச் சொல்ல
நாலு நொடி பிடித்தது.