கழிப்பறைப் பக்கத்து இருக்கைகள்

விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
பதினெட்டுத் தீவுகள். எங்களைவிட ஆடுகள் அதிகம்.
மூடுபனி விலகினால்
எதிர்க்கரையில் யார் வீட்டுச் சட்டை காய்கிறதென்று
பெயரோடு சொல்லலாம்.

டோர்ஸ்ஹவ்ன் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
எனக்குக் கொடுத்த வேலை:
இந்த ஃபாரோத் தீவுகளில்
குடல் அழற்சிக்காரர்கள்
ஆயிரத்துக்கு எத்தனை பேர்?

ஒரு பக்கம் கொலோனோஸ்கோப்பிப் பதிவேடு,
மறுபக்கம் மருந்துக்கடைச் சீட்டுகள்.
இதில் இருப்பவர் அதில் இல்லை.
இரண்டிலும் அகப்பட்டவர்களை வைத்து
எதிலும் அகப்படாதவர்களைக் கணக்கிட
ஒரு சூத்திரம் இருக்கிறதாம்;
மீனைப் பிடித்து, துடுப்பில் குறி வைத்து, திரும்ப விட்டு,
மறுநாள் அதே இடத்தில் வலை போடுகிறவர்களின் கணக்கு.
சொல்லிவிட்டு டாக்டர் ஹெர்போர்க் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
அப்பாவின் படகில் எட்டு வருஷம் வலை இழுத்தவன்.
வலையில் விழாத மீனை எண்ணி
எங்கள் வீட்டில் யாரும் கூலி வாங்கியதில்லை.

பெண், நாற்பத்தொன்று, ஆசிரியை.
பாடத்தின் நடுவே ஓடுவதற்காக
பிள்ளைகள் வைத்த பெயரைச் சொல்ல மறுத்தார்
என்று எழுதியிருக்கிறது.
(எதற்காக அதை எழுதினார்கள்?)
ஆண், இருபத்துமூன்று.
ஆறு மாதம் இரத்தம் போயிருக்கிறது,
மூலம் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

பெயரை அழித்து எண் கொடுத்திருக்கிறார்கள்.
இங்கே எண்ணால் எதை மறைக்க?
இருபத்துமூன்று வயது, ஸாண்டோய்,
தகப்பன் மின்சார வேலை என்றால்
அது ப்ரெஸ்டிர்.
அவன் கல்யாணத்தில் விடியும்வரை
கைகோத்துச் சுற்றி ஆடினோம்.
இரண்டு முறை வளையத்தைவிட்டு வெளியே போனான்.
குடி என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள்:
ஏன் உங்களிடம் இவ்வளவு?
இரத்தமா, இருட்டான குளிர்காலமா,
காற்றில் தொங்கவிட்டு நாறவைத்துத் தின்னும் ஆட்டிறைச்சியா?
தெரியாது என்பதை
நான்கு மொழிகளில் பணிவாகச் சொல்ல
ஹெர்போர்க் பழகியிருக்கிறார்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சும்மா சொல்வார்கள்;
எங்களுக்கு அது
ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிய சங்கதி.

வெள்ளிக்கிழமை தென்தீவுக் கப்பல்.
இரண்டு மணி நேரம்.
சன்னலோரம் முழுக்கக் காலி,
பாறைப் பறவைகளும் மழையும் பார்ப்பாரில்லாமல் போகின்றன.
கழிப்பறைக் கதவை ஒட்டிய இருக்கைகளில் மட்டும்
நாலு பேர், ஒருவரையொருவர் பாராமல்.
ஒருவர் எழுந்தால் மற்றவர் கால் மடங்குகிறது.
திரும்பும்வரை அவர் கோட்டுக்கு
மூன்று பேர் காவல்.
அறிவிப்பு இல்லை, அங்கத்தினர் அட்டை இல்லை.

எண்ணினேன், தொழில் புத்தி.
இருவரை என் திரையில் பார்த்திருக்கிறேன்.
தபால்காரி துரித்தைப் பார்த்ததில்லை.
அந்தக் கம்பளித் தொப்பிப் பையனையும் இல்லை.
சூத்திரத்தை எடுத்துப் போட்டால்
அச்சம் தரும் ஒரு எண் வரும்;
நாலு பேரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது
என்றும் படித்திருக்கிறேன்.

கப்பல் வடமேற்கு அலையில் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது.
கடல் என்னைக் குமட்டியதே இல்லை,
பனிரண்டு வயதில்கூட இல்லை.
இருந்தும் எழுந்து
அந்தக் கதவை நோக்கி நடந்தேன்,
பிறகு கொஞ்சம் வேகமாக.

திரும்பி வந்தபோது
துரித் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.

அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும்.