ஒருத்திக்கான அளவு

நூற்று நாற்பது பேருக்கு ரொட்டி சுடத் தெரியும் எனக்கு.
மாவு எத்தனை வாளி, உப்பு எத்தனை பிடி,
அடுப்பு எந்நேரம் சிவக்கும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஒரு முட்டையை வேகவைக்கத் தெரியாது.

டிசம்பரில் சபையை விட்டு வந்தேன்.
சஸ்கட்டூன். மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்தில் ஏறிச் சில்லறையை
ஓட்டுநரின் கையில் நீட்டினேன்.
அவர் பெட்டியைக் காட்டினார்.
போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றேன்,
பின்னால் வரிசை காத்திருக்க.
முப்பத்து நான்கு வயது.
காணிக்கைப் பெட்டி தவிர
வேறு பெட்டி அறியேன்.

சோப்பு வாங்கப் போனேன்.
உள்ளே ஒரே பாளம்,
கம்பியால் அறுத்துத் தருவார்கள், சாம்பல் நிறம்.
இங்கே ஒரு சுவர் நிறைய.
எனக்கு எந்த வாசனை பிடிக்கும்?
யாரும் கேட்டதில்லை.
நானும் என்னைக் கேட்டதில்லை.
ஒவ்வொன்றாய் முகர்ந்துகொண்டிருந்தபோது
கடைக் காவலாளி பக்கத்தில் வந்து நின்றான்.
பதற்றத்தில் எடுத்தது
ஆண்கள் முகம் மழிக்கும் சோப்பு.
இரண்டு மாதம் அதில்தான் குளித்தேன்.
வீணாக்கினால் பாவம் என்பது
இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை.

வங்கியில் கையெழுத்துக் கேட்டார்கள்.
எங்கள் எல்லோருக்கும் சேர்த்து
மூத்த சகோதரர் எல்தாதுதான் கையெழுத்து.
திர்சா என்று எழுதினேன். மறுபடி எழுதினேன்.
இரண்டும் இரண்டு பெண்கள் எழுதியவைபோல் இருந்தன.
'ஒரே மாதிரி இருக்கணும்மா' என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
அன்றிரவு மின்கட்டண உறையின் முதுகில்
நுணுக்கி நுணுக்கி என் பெயர்.
மறுநாள் இன்னொரு கட்டம்:
அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்?
திர்சா என்றே நிரப்பினேன்.
'இது நீங்களாச்சே.'
ஆமாம் என்றேன்.

தங்கை கெத்சியாவுக்குப் போட்ட கடிதம்
பிரிக்காமல் திரும்பி வந்திருந்தது.
தபால் முத்திரை மட்டும் கூடுதலாக ஒன்று.
அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்
குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன்.
அன்றைக்குத்தான் முட்டை வாங்கியது.
அதுவரை கடை ரொட்டி,
ரொட்டி சுடுகிறவள் தின்னும் கடை ரொட்டி,
திருட்டைப்போல.

அடுப்பில் வைத்துவிட்டு
கடித உறையையே பார்த்துக்கொண்டிருந்தேனா,
தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து,
கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம் வீறிட்டது.

மணி என்றால் முழங்கால்.
விடியலில் நாலரைக்கு, நண்பகலில், விளக்கேற்றும்போது,
யாராவது தப்புச் செய்தபோது.
எனக்கே தெரியுமுன் தரையில் இருந்தேன்,
கண் மூடி, உதடு அசைந்தபடி,
எந்தத் தப்பு என்று தேடிக்கொண்டு.
மணி நிற்கவில்லை.
உள்ளே என்றால் யாராவது நிறுத்துவார்கள்.

கீழ்வீட்டுப் பொஹ்தான், இரவு வேலைக்காரன்,
பாதித் தூக்கத்தில் வந்து கதவை இடித்தான்.
'ஜன்னல்! ஜன்னலைத் திற, பெண்ணே!'
கையோடு கொண்டுவந்த பீட்சா அட்டையால்
வட்டத்தை விசிறினான்.
நின்றது.
திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.
அட்டையை விட்டுவிட்டுப் போனான்.

இந்த மணி யாரையும் அழைக்கவில்லை.
புகையைப் பார்த்துக் கத்தியது, அவ்வளவுதான்.
பிப்ரவரி முழுக்க உள்ளே வந்தது.
முழங்காலைத் தேய்த்துக்கொண்டு
கருகிய பாத்திரத்தைச் சுரண்டினேன்.

இரண்டாவது முட்டை. ஏழு நிமிடம்.
ஜெபம் குறிக்கப்படாத ஏழு நிமிடத்தில்
கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.
பக்கவாட்டில் தொங்கவிட்டேன்.

உரித்ததும் கை தானாக
ஒரு பிடி உப்பை அள்ளிவிட்டது.
திரும்ப ஜாடியில் கொட்டினேன்.
விரல்நுனியில் ஒட்டியிருந்ததை உதறினேன் முட்டைமேல்.

அப்படியும் கொஞ்சம் கரித்தது.