பி லைனில் யானை

கஞ்சிக்கோட்டில் எங்கள் மேசை காற்றில் மிதக்கிறது,
நாலு காலிலும் நைட்ரஜன்.
ஆனாலும் சரக்கு வண்டி போனால்
ஒரு நரம்பு இரண்டாகத் தெரியும்.

ஐந்து நாள் வயது மீன்குஞ்சு,
கண்ணாடித் தலை, அகர் கூழில் பதிந்து கிடக்கிறது.
"அனங்ஙல்லே" என்கிறாள் ஜிஷா அதனிடம்.
அதற்கு மலையாளம் தெரியாது.
எனக்கும் அந்த ஒரு சொல்தான்.

லேசரை ஏற்றினால் கிளைகள் துலங்கும்,
சற்று நேரத்தில் கொப்பளித்துச் சாகும்.
இறக்கினால் இருட்டு.
நடுவே ஒரு நூலிழை,
அதில்தான் உயிரோடு பார்க்கலாம்.

ஒரு மைக்ரான் இறங்கு, ஒரு படம்.
இறங்கு, ஒரு படம்.
நாற்பதாவது அடுக்கில் வண்டி வந்துவிடும்,
இரவு ஒன்று நாற்பதுக்கு.
ஆறு இரவுகளாக
நாற்பதுக்குக் கீழே எங்களுக்கு மூளை இல்லை
என்று ஜிஷா சொல்லிச் சிரிப்பாள்.

இன்று ஒன்று நாற்பது ஆயிற்று. ஐம்பது.
மேசை சும்மா இருந்தது.
வாளையாறு கேட்டிலிருந்து சுபின் செய்தி:
பி லைனில் பிடியானை, குட்டி எழ மறுக்கிறது,
சிக்னல் சிவப்பு.

நாற்காலியில்கூட நாங்கள் அசையவில்லை.
எண்பது. தொண்ணூறு. நூற்றுப் பத்து.
கணினி அடுக்குகளைக் கோத்து மெல்லத் திருப்பியது:
செல்லின் முதுகுப்பக்கம்,
முதல்முறையாக.
அங்கே ஒரு கிளை நுனியில்
சாயங்காலம் இல்லாத மொட்டு,
எதையோ தொடப் போகிற மாதிரி.

இரண்டு இருபதுக்கு வண்டி வந்தது.
கடைசி அடுக்கில் மட்டும் நரம்பு இரண்டு.
அழிக்கப் போனேன்.
ஜிஷா கையைப் பிடித்தாள்.
குட்டி எழுந்துவிட்டது என்பதற்கு
நம்மிடம் இருக்கிற படம் அது ஒன்றுதானே.